வெள்ளைப் பெட்டியில் வந்த லென்ஸ்

அக்கா வைத்த பெயர் ஒட்டுப்புல். புல்தரையில் நடந்துவிட்டு வந்தால் பாவாடை விளிம்பைப் பிடித்துக்கொண்டு வீடுவரை கூடவே வருமே, அந்தப் புல். பெயருக்கு உரியவள் இப்போது ஐம்பதை நெருங்கிவிட்டாள். கண்ணாடியின் கனம் மூக்கில் இரண்டு பள்ளம் போட்டுவிட்டது, தலையில் பாதி வெள்ளை, ஆனாலும் பெயர் போகவில்லை. வைத்தவளே வாய் ஓயாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தால் எப்படிப் போகும்? நாமும் அப்படியே கூப்பிடலாம், கோபித்துக்கொள்ள மாட்டாள்.

பெயருக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அக்கா நாலு வயது மூத்தவள். அவள் உட்கார்ந்தால் இவளும் உரசிக்கொண்டு உட்காருவாள். அவள் பேசினால் முகத்துக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டு கேட்பாள். பல் தேய்க்கும்போதுகூட அக்காவுக்கு நிம்மதி கிடையாது. "மூச்சு முட்டுதுடி, தள்ளி நில்லு" என்று ஒரு நாளைக்கு இருபது தடவையாவது சொல்லியிருப்பாள். இவளும் சொன்ன பேச்சைக் கேட்டு இரண்டடி தள்ளி நிற்பாள், கொஞ்ச நேரத்தில் தன்னையறியாமல் பழைய இடத்துக்கே வந்துவிடுவாள்.

யாருக்கும் தெரியாத விஷயம், அவளுக்கே தெரியாத விஷயம், அவளுடைய உலகம் ஒரு முழத்தோடு முடிந்துபோயிருந்தது. முழத்துக்குள் வந்ததெல்லாம் துல்லியம். எறும்பின் காலை எண்ணிச் சொல்வாள். அக்காவின் மூக்குக்குப் பக்கத்தில் அம்மை ஆறிய ஒரு சின்ன வடு உண்டு. வீட்டில் வேறு யாரும் கவனிக்காத அந்த வடுவை இவள் தினமும் பார்த்தாள். முழத்தைத் தாண்டினால் பொருள் கரைந்து நிறம் மட்டும் மிஞ்சும். மரம் என்பது ஒரு பச்சைக் கலக்கம். வாசலில் நிற்கும் அம்மா ஒரு நீலக் கலக்கம், குரல் வந்த பிறகுதான் அம்மா.

சாயங்காலம்தான் அவளுடைய நேரம். பள்ளி விட்டு வரும் வழியில் ரயில் பாதைக்கு மேலே ஒரு நடைபாலம் இருந்தது. அதன் உச்சியில் நின்றால் அந்தப் பக்கத்துக் கடைத்தெரு முழுவதும் தெரியும், அதாவது மற்றவர்களுக்குத் தெரியும். இவளுக்குத் தெரிந்தது வேறு. ஒவ்வொரு விளக்கும் தட்டு அகலத்துக்கு விரிந்து, நடுவில் மெல்லிய வெளிச்சமாக அந்தரத்தில் நிற்கும். மஞ்சள் மேல் சிவப்பு ஏறும், சிவப்புக்குள்ளிருந்து வெள்ளை நழுவி வெளியே வரும். தெருவில் வண்டிகள் போகாது, வண்ண உருண்டைகள் மிதந்து போகும். அந்த நேரத்தில் சத்தம்கூடத் தணிந்துவிடுவதாகத் தோன்றும் அவளுக்கு. எல்லோரும் இதைத்தான் பார்க்கிறார்கள், பார்த்துவிட்டு எப்படித்தான் பேசாமல் வீட்டுக்குப் போகிறார்களோ என்று ஆச்சரியப்படுவாள்.

ஒரு நாள் வாய்விட்டே சொன்னாள். "அக்கா, அந்த மஞ்சள் உருண்டை சிவப்பு உருண்டைக்குள்ள போகுது பாரேன்."

"எந்த உருண்டை?"

"அதோ, தட்டு மாதிரி பெருசா. எவ்வளவு இருக்கு பாரு."

அக்கா பார்த்தாள். விளக்குகள் இருந்தன. "விளக்குன்னா விளக்கு மாதிரிதான் இருக்கும். ரொம்பப் புளுகாதே, வா."

அது தைத்துவிட்டது. திட்டியிருந்தால் மறந்திருப்பாள், அடித்திருந்தாலும் மறந்திருப்பாள். தான் பொய் சொன்னதாக அக்கா நம்பியதுதான் நாற்பது வருடமாக உள்ளே கிடந்தது.

பதினொன்றாம் வயதில் கரும்பலகையைப் பார்த்து எழுதச் சொன்ன ஆசிரியையால் குட்டு உடைந்தது. அப்பா கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப்போனார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அன்று சாயங்காலம் தெருவில் இறங்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். மரத்தில் இலை இலையாக இருந்தது, சரி. எதிர் வீட்டுச் சுவரில் விரிசல் இருந்தது, அதுவும் சரி. விளக்குகள் எங்கே? தட்டுத் தட்டாக மிதந்தவை எல்லாம் குண்டூசித் தலையாகச் சுருங்கிப் போயிருந்தன. வீடுவரை அழுதுகொண்டே வந்தாள். "பிள்ளைக்குச் சந்தோஷம் தாங்கலை" என்றார் அப்பா.

அதற்குப் பிறகு அக்காவைத் தெருக்கோடியிலிருந்தே பார்க்க முடிந்தது. ஒட்டிக்கொள்ள வேண்டிய தேவை இல்லை. "அப்பாடா, என் மூக்குக்கு விடுதலை" என்றாள் அக்கா. இரண்டு பேரும் சிரித்தார்கள்.

பின்னாளில் பலமுறை விளக்கிச் சொல்லிப் பார்த்தாள். அக்காவும் தலையாட்டினாள், குழந்தை சொல்லும் கனவுக்குத் தலையாட்டுவதுபோல. அவளுடைய பார்வை அப்படி, அறுபதடியில் நிற்கும் பேருந்தின் எண்ணைப் படிப்பாள். கண்ணைக் கழற்றியா கையில் கொடுக்க முடியும்?

ஒட்டுப்புல்லுக்கு வேலை அட்டைப் பெட்டித் தொழிற்சாலையில். இருபத்திரண்டு வருடம். ஒட்டும் இயந்திரத்திலிருந்து பெட்டிகள் தட்டையாக வந்து விழும். பத்தில் ஒன்றை எடுத்து விரித்து, மடித்து, மூடி, திறந்து பார்ப்பாள். மடிப்புக்கோடு நேராக இருக்கிறதா, பசை வழிந்திருக்கிறதா, மூலை கூடுகிறதா, அச்சு தெளிவா. எத்தனை முறை திறந்த பெட்டி என்று விரலால் தடவியே சொல்லிவிடுவாள். வீட்டிலும் அந்தப் புத்தி போகாது. யாராவது பரிசு கொடுத்தால் முதலில் பெட்டியின் அடியைத் திருப்பிப் பார்ப்பாள். "உள்ளே என்னன்னும் பாரு தாயே" என்பார் வீட்டுக்காரர். அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர், வாய்த் துடுக்கு கொஞ்சம் அதிகம்.

போன வருடம் ஒரு புதுப் பெட்டி வந்தது. கேமரா லென்ஸுக்கான பெட்டி. பக்கத்தில் லென்ஸ் எந்தக் கேமராவுக்குப் பொருந்தும் என்று கொட்டை எழுத்தில் அச்சு, முன்புறம் ஒரு படம். முதல் பெட்டியைக் கையில் எடுத்தவள் சிவப்புப் பொத்தானை அழுத்தி இயந்திரத்தையே நிறுத்திவிட்டாள். மேற்பார்வையாளர் ஓடிவந்தார்.

"என்ன பிழை?"

"பிழை ஒண்ணும் இல்லீங்க." அவள் படத்தின் மேல் விரலை வைத்தாள். "இதை எப்படி எடுத்தாங்க?"

படத்தில் ஒரு பெண்ணின் முகம் மட்டும் துல்லியமாக, கண் இமைவரை தெளிவாக இருந்தது. அவளுக்குப் பின்னால் தெருவும் இல்லை, கடையும் இல்லை. தட்டுத் தட்டாக மஞ்சளும் சிவப்பும் மிதந்துகொண்டிருந்தன.

மேற்பார்வையாளர் அவளையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "லென்ஸோட வாய் பெருசா இருந்தா அப்படி வரும்" என்று சொல்லி இயந்திரத்தை ஓடவிட்டார். அன்று முழுக்க அவள் கைகள் பெட்டியை விரித்தன, மடித்தன. மனம் பாலத்தின் மேல் நின்றுகொண்டிருந்தது.

தொழிற்சாலையில் மாதிரிப் பெட்டிகளைப் படமெடுக்க வைத்திருந்த பழைய கேமராவைத் தொழிலாளர்களுக்கே குறைந்த விலைக்குக் கொடுத்தபோது முதல் ஆளாகக் கை தூக்கியவள் அவள்தான். அதனுடன் வந்த சின்ன லென்ஸில் முன்னால் இருப்பதும் தெளிவு, பின்னால் இருப்பதும் தெளிவு. கண்ணாடி மாட்டிய உலகம்தான் மறுபடியும் வந்தது. பெரிய வாய் லென்ஸின் விலையைக் கேட்டதும் ஆசையை மடித்து வைத்துவிட்டாள்.

அப்படியே இருந்திருக்கும். ஆனால் அக்கா கிளம்புகிறாள் என்றாகிவிட்டது. தபால் நிலையக் கவுண்டரில் முப்பது வருடம் உட்கார்ந்து விருப்ப ஓய்வு பெற்றவள், இப்போது கடல் தாண்டி மகளோடு இருக்கப் போகிறாள். திரும்பி வருகிற யோசனை இல்லை. வீட்டைக் காலி செய்தாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை விமானம்.

"போறதுக்குள்ள ஒரு தடவையாவது அவ அதைப் பாக்கணுங்க" என்றாள் ஒட்டுப்புல், திங்கட்கிழமை படுக்கப்போகும் முன்.

"எதை?"

"நான் பொய் சொல்லலைங்கறதை."

வீட்டுக்காரருக்குக் கிண்டல் செய்ய வாய் வந்தது, அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. மறுநாள் அவரே ஒரு செய்தியோடு வந்தார். லிஃப்ட் வேலைக்குப் போன கட்டடத்தில், நாலாவது மாடியில் ஒருவர் பாதி விலைக்கு லென்ஸ் விற்கிறாராம், வண்ணப் பெட்டி இல்லாமல்.

புதன்கிழமை வேலை முடிந்து நேரே அங்கே போனார்கள். ஒரே அறை, சன்னலை மறைத்துப் பெட்டிகள், நடுவில் துணி விரித்த மேசை. லென்ஸ்காரர் நூலகத்தில் பேசுகிறவர்போல மெதுவாகப் பேசினார். "கேமராவோட சேத்து விக்கறதுக்கு மொத்தமா வர்ற சரக்கு மேடம். ஒரே பெட்டியில நாப்பது, அம்பதுன்னு அடுக்கி வரும். நாங்க தனித்தனியா வெள்ளைப் பெட்டியில போட்டுக் குடுக்கறோம். கண்ணாடி அதே கண்ணாடிதான். பேர் போட்ட அட்டை மட்டும் இல்ல. அதனால திருப்பி எடுக்கற வழக்கமும் இல்ல."

அவளுக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் ரோஷம். ஒரு வண்ணப் பெட்டி செய்ய ஒரு டீ செலவுகூட ஆகாது என்பது அவளுக்குத் தெரியும். அந்த அட்டைக்காகவா ஊர் இரட்டை விலை கொடுக்கிறது? அவர் ஒரு வெள்ளைப் பெட்டியை எடுத்து வைத்தார். எழுத்து இல்லை, படம் இல்லை, மொட்டையாக இருந்தது. அவள் அதைக் கையில் வாங்கினாள்.

வாங்கியதும் அவள் தொழிற்சாலைக்காரியாகிவிட்டாள். மூலையைத் தடவினாள். மூடியை அரைவாசி தூக்கி மடிப்புக்கோட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். பசை விளிம்பை நகத்தால் நெருடினாள். முகத்தில் ஒரு வெற்றிப் புன்னகை பரவியது.

"ஒரே ஒரு தடவைதான் மூடியிருக்கு" என்று வீட்டுக்காரரின் காதில் சொன்னாள். "யாரும் வாங்கிட்டுத் திருப்பிக் குடுத்த சரக்கு இல்ல. புத்தம் புதுசு."

"கேமரா கொண்டு வந்திருக்கீங்களா? மாட்டிப் பாத்துடலாமே" என்றார் லென்ஸ்காரர்.

"வேலையிலிருந்து நேரா வர்றோம். அதெல்லாம் வேண்டாங்க, பெட்டியே சொல்லுதே."

லென்ஸ்காரருக்குப் புரியவில்லை, இருந்தாலும் தலையாட்டினார். வீட்டுக்காரர் பெருமையோடு மனைவியைப் பார்த்தார். நிபுணியோடு கடைக்குப் போவதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது.

வீட்டில் மேசை மேல் துண்டு விரித்து, கை கழுவிவிட்டு வந்து, லென்ஸை எடுத்துக் கேமராவின் வாயில் வைத்தாள். உட்காரவில்லை. திருப்பி வைத்தாள், உட்காரவில்லை. லென்ஸின் பின்புறம் கேமராவின் வாயைவிட அகலம். வேறு ஏதோ ஒரு கேமராவுக்குச் செய்த லென்ஸ்.

அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். எந்தக் கேமராவுக்குப் பொருந்தும் என்று பெட்டியின் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அந்த எழுத்து ஒரு மயிரிழை மங்கினால் பெட்டியையே ஒதுக்கித் தள்ளுகிறவள் அவள். அந்தப் பெட்டி இல்லாமல் வாங்குகிறோம், அது சொல்ல வேண்டியதை நாம் கேட்க வேண்டும் என்று அவளுக்குத்தான் தோன்றியிருக்க வேண்டும். மாப்பிள்ளை பார்க்கப் போய்ச் சட்டையின் தையலைப் பார்த்துவிட்டு வந்த கதையாகிவிட்டது.

"யானைக்கும் அடி சறுக்கும்" என்றார் வீட்டுக்காரர்.

"நான் யானை இல்ல. முட்டாள்" என்று சொல்லிவிட்டு அழுதாள். பொருள் வீணானதற்காக அழவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்றே நாள் இருந்தது.

மறுநாள் இடைவேளையில் லென்ஸ்காரருக்கு ஃபோன் செய்தாள். அவர் வருத்தப்பட்டார், திருப்பி எடுக்க முடியாது என்றார், பிறகு தயங்கித் தயங்கி இன்னொன்றும் சொன்னார். "இதுக்கு நடுவுல போடற வளையம் ஒண்ணு இருக்கு மேடம். வரவழைச்சுத் தர்றேன், பத்து நாள் ஆகும். லென்ஸ் மேல குத்தம் இல்ல. அது பழைய மாதிரி கேமராவுக்கானது. அந்தக் கேமராவுக்குள்ள முகம் பாக்கற கண்ணாடி மாதிரி ஒண்ணு மேலயும் கீழயும் ஆடும், அதுக்கு இடம் விட்டு லென்ஸ் கொஞ்சம் எட்டி உக்காரும். உங்க கேமராவுல அந்தக் கண்ணாடி கிடையாது. அதனால அந்த இடைவெளியை நாம குடுக்கணும். அவ்வளவுதான்."

"எவ்வளவு எட்டி?"

"ஒரு இன்ச் இருக்கும்."

ஃபோனை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். எதிரே அட்டைத் தாள்கள் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தன. ஒரு இன்ச். ஒரு இன்ச் உயரத்தில், ஒரு பக்கம் அகலமாக, மறு பக்கம் குறுகலாக, வெளிச்சம் புகாத ஒரு வளையம். இதற்கா பத்து நாள்?

வெள்ளிக்கிழமை கேமராவையும் லென்ஸையும் பையில் வைத்து வேலைக்கு எடுத்துப் போனாள். மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும் மாதிரிப் பெட்டி செய்யும் மேசையில் இரும்பு அளவுகோலையும் கத்தியையும் எடுத்தாள். தொழிற்சாலை அட்டையைத் தொடவில்லை. அந்த வெள்ளைப் பெட்டியையே வெட்டினாள். அதன் கனமும் சரியாக இருந்தது, கோபமும் கொஞ்சம் இருந்தது. பட்டையாகக் கீறி, பசை தடவி, சுற்று மேல் சுற்றாகச் சுற்றினாள். முதல் வளையம் தொளதொள என்று ஆடியது. இரண்டாவது கோணிக்கொண்டது. மூன்றாவதை லென்ஸின் பின்புறத்திலேயே வைத்துச் சுற்றினாள். உள்ளே கறுப்புத் தாள் ஒட்டினாள். கேமராவின் வாயில் வைத்து மெல்ல அழுத்தியதும் ஒரு சின்ன முனகலோடு உட்கார்ந்தது.

சனிக்கிழமை காலை கேமரா ஒரேயடியாகப் பிடிவாதம் பிடித்தது. லென்ஸே மாட்டவில்லை, நான் படம் எடுக்க மாட்டேன் என்று திரையில் எழுதிக் காட்டியது. எத்தனையோ பிடிவாதக்கார லிஃப்டுகளைப் பார்த்தவர் வீட்டுக்காரர். அரை மணி நேரம் பட்டன்களை நோண்டி, லென்ஸ் இல்லாவிட்டாலும் எடு என்று கட்டளையிடும் இடத்தைக் கண்டுபிடித்தார். பிறகு வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்னு சொல்லுவாங்க. இங்க புல்லே ஆயுதம் செஞ்சிருக்கு" என்றார். "சரி, இருந்த ஒரே பெட்டியையும் வெட்டிட்டே. இனிமே லென்ஸை எதுல வைப்பே?"

"உங்க சாப்பாட்டு டப்பாவுல" என்றாள். மூன்று நாளுக்குப் பிறகு அவள் சிரித்தது அப்போதுதான்.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனாள். கட்டிலும் இல்லை, நாற்காலியும் இல்லை. ஒட்டுப்புல் கொண்டுவந்து கொடுத்திருந்த அட்டைப் பெட்டி ஒன்றின் மேல் அக்கா உட்கார்ந்திருந்தாள்.

"கிளம்பு அக்கா. பாலத்துக்குப் போகலாம்."

"எந்தப் பாலம்? உனக்கு நேரங்காலமே கிடையாதா? இன்னும் ரெண்டு பை கட்டணும். மழை வேற வர்ற மாதிரி இருக்கு."

"பத்தே நிமிஷம். நான் உன்கிட்ட ஏதாவது கேட்டிருக்கேனா?"

"கேட்காம இருந்ததே இல்லையே" என்று முனகியபடி அக்கா குடையைத் தேடினாள்.

பாலம் அதே இடத்தில்தான் இருந்தது. கைப்பிடிக்கு மட்டும் புதுச் சாயம் அடித்திருந்தார்கள். அவர்கள் ஏறி முடிக்கும்போது வானம் சாம்பலாகி, கடைத்தெருவில் ஒவ்வொன்றாக விளக்கு விழித்துக்கொண்டிருந்தது. கீழே ஒரு ரயில் அவசரமில்லாமல் போனது. பாலம் அதற்கேற்ப லேசாக அதிர்ந்து அடங்கியது. அக்காவைக் கைப்பிடியில் சாய்ந்து நிற்கச் சொன்னாள். கேமராவைக் கண்ணில் வைத்து, இடது கையால் வளையத்தைத் தாங்கி, லென்ஸைத் திருகினாள்.

எல்லாம் கலங்கியது. அக்கா ஒரு நீலக் கலக்கமாக நின்றாள். இன்னும் கொஞ்சம் திருகினாள். கடைத்தெரு மெல்லக் கரைய ஆரம்பித்தது. ஒரு விளக்கு உப்பியது, அதன் பக்கத்தில் இன்னொன்று. மஞ்சள் மேல் சிவப்பு ஏறியது. நாற்பது வருடத்துக்கு முன் கண்ணாடிக் கடை வாசலில் தொலைத்தவை ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து மிதந்தன. அவளுக்கு தான் எங்கே நிற்கிறோம், எத்தனை வயது என்பதெல்லாம் ஒரு கணம் பிடிபடவில்லை. பாவாடை விளிம்பில் காற்று அடிப்பதுபோலக்கூட இருந்தது.

"எடுத்தியா இல்லையா? கால் வலிக்குது" என்றாள் அக்கா.

எடுத்தாள். முகம் கலங்கியிருந்தது. மறுபடி எடுத்தாள், காது மட்டும் தெளிவாக இருந்தது. நாலாவது படத்தில் அக்கா கொட்டாவி விட்டாள். ஐந்தாவதை எடுக்கும் முன் தூறல் விழுந்தது.

அட்டைக்கும் தண்ணீருக்கும் உள்ள பகை அவளைவிட யாருக்குத் தெரியும்? அட்டை ஈரத்தைக் குடிக்கும், குடித்தால் ஊறும், ஊறினால் சுற்றுகள் பிரியும். வளையம் விரல்களுக்கடியில் மெதுவாக மிருதுவாவது தெரிந்தது. இன்னும் இரண்டு படம், மிஞ்சினால் மூன்று.

"அக்கா, ஆடாதே. பேசாதே. என்னைப் பாரு."

"உன்னைத்தானே பாத்துட்டிருக்கேன்."

"இல்ல, திட்டறதுக்கு முன்னால பாப்பியே, அப்படிப் பாரு."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு உதட்டுக்கு வந்து சேரும் முன் ஒட்டுப்புல் பொத்தானை அழுத்தினாள். அடுத்த நிமிடம் வளையம் நெகிழ்ந்து, லென்ஸ் அவள் உள்ளங்கையில் கழன்று விழுந்தது. அக்கா ஓடிவந்து குடையை இரண்டு பேருக்கும் பொதுவாகப் பிடித்தாள்.

குடைக்கடியில், கேமராவின் முதுகிலிருந்த சின்னத் திரையில் படத்தைப் பார்த்தார்கள். தெரு இல்லை, கடை இல்லை. ஓரம் நசுங்கிய வட்டங்கள், முழு வட்டங்கள், ஒன்றுக்குள் ஒன்று நுழைந்த வட்டங்கள். ஈரத்தில் வளையம் கோணி வெளிச்சம் புகுந்திருந்ததால் ஒரு மூலை புகைபோல வெளுத்திருந்தது. நடுவில் அக்காவின் முகம். மூக்குக்குப் பக்கத்தில் இருந்த அம்மை வடுகூடத் தெரிந்தது.

அக்கா நிமிர்ந்து கடைத்தெருவைப் பார்த்தாள், அங்கே விளக்குகள் விளக்குகளாக இருந்தன. மறுபடி திரையைப் பார்த்தாள்.

"இதையா சொன்னே அன்னிக்கு?"

"இதைத்தான்."

"மஞ்சள் உருண்டை சிவப்புக்குள்ள போகுதுன்னு."

அக்காவுக்கு அது ஞாபகம் இருக்கும் என்று ஒட்டுப்புல் எதிர்பார்க்கவே இல்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

"அப்ப நீ புளுகலையா?"

"இல்லக்கா."

தூறல் குடையின் மேல் சடசடத்தது. அக்கா திரைக்கு அருகில் விரலைக் கொண்டுபோய், தொடாமல் நிறுத்தினாள். "எல்லாம் கலங்கிக் கிடக்கு, என் மூஞ்சி மட்டும் எப்படி இவ்வளவு தெளிவா இருக்கு?"

"கிட்ட இருக்கறது எனக்குத் தெரியும். ஒரு முழம் வரைக்கும். அதுக்கு அந்தப் பக்கம் யாருமே தெரிய மாட்டாங்க." ஒட்டுப்புல்லின் குரல் இறங்கிவிட்டது. "அதான் உன்னை ஒட்டிக்கிட்டே இருந்தேன். தள்ளி நின்னா நீ இருக்க மாட்டே."

அக்கா பாலத்தை விட்டு இறங்கும்போது, வழுக்கும் என்று சொல்லி இவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கீழே வந்த பிறகும் விட மறந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை விமான நிலையத்தில் அக்கா பழைய அக்காவாகிவிட்டாள். பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டியது சரியில்லை என்றாள், வீட்டுக்காரரின் சட்டையில் பட்டன் தொங்குகிறது என்றாள். "டப்பாவை அலம்பி வை, லென்ஸுல குழம்பு வாசம் வரப்போகுது" என்று தங்கையை எச்சரித்தாள். பிறகு பயணிகள் மட்டும் என்று எழுதியிருந்த கயிற்றைத் தாண்டி வரிசையில் போய் நின்றாள். முப்பது வருடம் கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருந்து வரிசையை ஆண்டவள் அவள். வரிசையில் பிடித்த இடத்தைச் செத்தாலும் விட மாட்டாள்.

வரிசை நகர்ந்தது. அக்காவுக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்துவிட்டார்கள். அக்கா திரும்பிக் கையாட்டினாள். இவளும் ஆட்டினாள். கண்ணாடி நனைந்து ஒன்றும் தெரியாமல் போகவே, அதைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தாள்.

கழற்றியதும் கூடம் கரைந்தது. கூரை விளக்குகள் பெரிய பெரிய வெள்ளை வட்டங்களாக இறங்கி வந்தன. ஜனங்கள் நிறங்களானார்கள். அந்த நிறங்களில் எது அக்கா என்று தெரியவில்லை. துடைக்கத் துடைக்கக் கண்ணாடி இன்னும் நனைந்தது. அவசரமாக மாட்டிக்கொள்ளவும் கை வரவில்லை, எந்தப் பக்கம் பார்த்துக் கையாட்டுவது என்றும் தெரியவில்லை. பொதுவாக அந்த வெளிச்சத்தைப் பார்த்து ஆட்டிக்கொண்டே நின்றாள்.

ஒரு நீலக் கலக்கம் கூட்டத்திலிருந்து பிரிந்து அவளை நோக்கி வந்தது. "மேடம், வரிசை போயிடும்" என்று யாரோ சொல்வது கேட்டது. கலக்கம் நிற்கவில்லை. கயிற்றுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது.

"தெரியுதா?" என்றது அக்காவின் குரல்.

"இல்லக்கா. இப்பெல்லாம் முழம் கூட இல்ல. சாண்தான்."

அக்கா கயிற்றின் மேல் சாய்ந்து முகத்தை முகத்துக்கு நேரே கொண்டுவந்தாள். மூச்சு கன்னத்தில் பட்டது. பின்னால் மிதந்த வெள்ளை வட்டங்களுக்கு முன்னே முதலில் கண்கள் வந்தன, பிறகு மூக்கு, பிறகு மூக்குக்குப் பக்கத்தில் அந்தச் சின்ன வடு.

"இப்ப?"

"இப்ப தெரியறே" என்றாள் ஒட்டுப்புல்.